மெஷ் எழுத்தும் தொலைவுப் புல எழுத்தும்: ஐயம்பேட்டையை முப்பரிமாணத்தில் எழுதுதல்

ஒரு முப்பரிமாண நிரல் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறதா என்று சோதிக்க ‘அம்மா’ என்று தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அது போதாது. எழுத்துகள் கணினிக்குள் இருக்கும் வரிசையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையும் அந்தச் சொல்லில் ஒன்றுதான். எந்த மந்த நிரலும் தப்பித்துவிடும். ‘ஐயம்பேட்டை’ என்று தட்டிப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில், முத்தியால்பேட்டையை ஒட்டியிருக்கும் பட்டு நெசவாளர் ஊர் அது. (தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் ஐயம்பேட்டை வேறு. எழுத்துச் சோதனைக்கு அந்த ஊர்க்காரர்களும் இதே பெயரைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.)

நாம் படிக்கும்போது அந்தப் பெயரில் ஆறு எழுத்துகள். யூனிகோடு முறைப்படி கணினி சேமித்து வைப்பது பத்துக் குறியெண்கள்: ஐ, ய, ம, புள்ளி, ப, இரட்டைக்கொம்பு, ட, புள்ளி, ட, இணைக்கொம்பு. திரையில் வரைய வேண்டியவை பெரும்பாலான எழுத்துருக்களில் எட்டு வடிவங்கள். ஏனென்றால் ‘ம்’, ‘ட்’ இரண்டும் ஒவ்வொரு வடிவமாக ஒட்டிப்போய்விடும். ‘பே’யும் ‘டை’யும் மட்டும் இரண்டிரண்டாகப் பிரியும். பிரிவது மட்டுமில்லை, இடமும் மாறும். நினைவகத்தில் ‘ப’வுக்குப் பின்னால் நிற்கிற இரட்டைக்கொம்பு திரையில் ‘ப’வுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். இணைக்கொம்புக்கும் அதே கதி. ஆறு, பத்து, எட்டு என்று மூன்று கணக்குகள் ஓடுகிற இந்தச் சொல்லை முப்பரிமாணத்தில் எழுத இன்று புழக்கத்தில் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதல் வழி, எழுத்தைப் பொருளாக்குவது. எழுத்தின் விளிம்புக் கோட்டை எடுத்து, உள்ளே முக்கோணங்களால் நிரப்பி, பின்பக்கமாக இழுத்துத் தடிமன் கொடுத்தால் ஒரு கட்டை கிடைக்கும். நிரலாளர்கள் இதை மெஷ் என்பார்கள். இரண்டாவது வழி, எழுத்தைப் படமாக வைத்திருப்பது. வெளியில் மிதக்கும் ஒரு தட்டையான செவ்வகத்தின் மேல் எழுத்தின் படம் ஒட்டப்படும். அந்தப் படம் வெறும் கறுப்பு வெள்ளையாக இல்லாமல் ‘தொலைவுப் புலம்’ என்ற தந்திர வடிவில் இருப்பதுதான் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த மாற்றம்.

இந்தப் பிரிவு புதியதல்ல. ஓப்பன்ஜிஎல் 1992இல் வெளிவந்தது. அதைக் கற்றுக்கொள்பவர்களுக்காக மார்க் கில்கார்டு எழுதிய குளூட் என்ற துணைத் தொகுப்பிலேயே எழுத்தை வரைய இரண்டு தனித்தனிக் கட்டளைகள் இருந்தன: ஒன்று புள்ளிப்பட எழுத்துக்கு, மற்றது கோட்டெழுத்துக்கு. விண்டோஸ் தன் பங்குக்கு இரண்டு கட்டளைகளைக் கொடுத்தது. அவற்றில் ஒன்று எழுத்துருவின் விளிம்பை எடுத்துத் தடிமன் கொடுத்து உண்மையான கட்டை எழுத்தையே தந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் இணையத்தில் ‘நீஹி’ பாடங்களைப் பார்த்து ஓப்பன்ஜிஎல் கற்றுக்கொண்ட தலைமுறைக்கு 13ஆம் பாடம் புள்ளிப்பட எழுத்து, 14ஆம் பாடம் விளிம்பெழுத்து. ஆங்கிலத்துக்கு அன்றே எல்லாம் கச்சிதம். தமிழைக் கொடுத்தால் இரண்டுமே ஒன்றுபோலக் கவிழும். ஒரு குறியெண்ணுக்கு ஒரு வடிவம், வந்த வரிசையில் வரை என்பதே அவற்றின் அடிப்படை.

அந்த அடிப்படை இன்னும் சாகவில்லை. உலாவியில் முப்பரிமாணம் செய்பவர்கள் பெரும்பாலும் நாடும் த்ரீ.ஜேஎஸ் தொகுப்பில் கட்டை எழுத்துக்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது. அது சரத்தை ஒவ்வொரு குறியெண்ணாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்துருக் கோப்பில் ஒரு வடிவத்தைத் தேடும். கிடைக்கவில்லை என்றால் கேள்விக்குறி போடும். ஐயம்பேட்டையைக் கொடுத்தால் கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கோர்வை’யைக் கொடுத்தால் இன்னும் வேடிக்கை. காஞ்சிப் பட்டின் உடலையும் கரையையும் இணைத்து நெய்கிற அந்த முறையின் பெயரில் முதல் எழுத்தின் உயிர்க்குறி ஒரே குறியெண். ஆனால் பாதி ‘க’வுக்கு இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் நிற்க வேண்டும். குறியெண்ணுக்கு ஒரு வடிவம் என்று நம்பும் நிரலிடம் இதற்கு விடை கிடையாது.

தமிழ்நாட்டில் திரைப்படத் தலைப்பும் தொலைக்காட்சிப் பெயர்ப்பட்டையும் செய்தவர்கள் இந்தச் சிக்கலை வேறு மாதிரி தாண்டினார்கள். யூனிகோடு பக்கமே போகாமல், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும் பழைய எழுத்துருக்களைக் கையாண்டார்கள். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டாம் குறியீடும் அந்த வகைதான். முதலில் கொம்பு, பிறகு ‘ப’ என்று தட்டச்சிட்டால் எந்த மந்த நிரலும் அதை ஒழுங்காக வரைந்துவிடும். 2010இல் யூனிகோடோடு சேர்த்து அரசு அறிவித்த டேஸ்16 குறியீட்டில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரே எண். முப்பரிமாண நிரலாளருக்கு அது வரப்பிரசாதம் மாதிரி. மென்பொருள் உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு கதை. இந்தக் குறுக்குவழிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, வேலை நடந்தது. ஆனால் அப்படிச் செய்த எழுத்தைத் தேட முடியாது, மொழிபெயர்ப்புக்கு அனுப்ப முடியாது, ஒரு தரவுத்தளத்திலிருந்து பெயர்களை எடுத்துத் தானாக எழுத்தாக்கவும் முடியாது.

நேரான வழி, வரைவதற்கு முன் ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு வடிவமைப்பு நூலகத்திடம் சரத்தைக் கொடுப்பது. குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபிஸ் எல்லாவற்றிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்குப் பின்னால் இருப்பது அதுதான். பத்துக் குறியெண்கள் உள்ளே போகும். எந்த வடிவம், எந்த இடம், எவ்வளவு அகலம் என்ற பட்டியலாக எட்டு உருப்படிகள் வெளியே வரும். இதற்குப் பிறகுதான் மெஷ்ஷா, புலமா என்ற கேள்வியே எழுகிறது. கோடோ விளையாட்டு எஞ்சின் இதை எஞ்சினுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. 2023 மார்ச்சில் வந்த அதன் 4ஆம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் உள்ளிருக்கிறது. அதோடு முப்பரிமாண எழுத்துக்கு இரண்டு தனி உறுப்புகள்: டெக்ஸ்ட்மெஷ், லேபிள்3டி. நம் ஒப்பீட்டின் இரண்டு பக்கங்களும் ஒரே எஞ்சினுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. கைப்பழக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

மெஷ் பக்கத்தை முதலில் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எழுத்துருக் கோப்புக்குள் இருப்பது வளைகோடுகள். ட்ரூடைப் எழுத்துருவில் இருபடி பெசியர், போஸ்ட்ஸ்கிரிப்ட் வழி வந்ததில் முப்படி பெசியர். கிராபிக்ஸ் சில்லுக்கு வளைவு தெரியாது, முக்கோணம்தான் தெரியும். ஆகவே வளைவுகளைச் சிறு நேர்கோடுகளாக ஒடிக்க வேண்டும். எத்தனை துண்டாக ஒடிப்பது என்பது நம் கையில். ‘ட’வுக்கு அதிகம் தேவையில்லை, அதன் கோணங்கள் ஏற்கெனவே நேர்கோடுகள். ‘ஐ’க்கும் மூன்று சுழி ‘ண’வுக்கும் கஞ்சத்தனம் பண்ணினால் சுழிகள் பலகோணமாகிவிடும்.

ஓர் எழுத்து விளிம்பில் 120 புள்ளிகள், உள்ளே 2 துளைகள் என்று வைத்துக்கொண்டால் முன்முகத்துக்கு 122 முக்கோணங்கள், பின்முகத்துக்கு 122, சுற்றுச் சுவருக்கு 240. ஆக 484. விளிம்பைச் சாய்வாகச் செதுக்க வேண்டும் என்றால் இன்னும் கூடும். ஐயம்பேட்டையின் எட்டு வடிவங்களும் சேர்ந்து நாலாயிரத்தைத் தொடலாம். இன்றைய கைபேசிக்கு அது ஒரு கணக்கே இல்லை. ஒரே பெயர்ப்பலகைக்காக முக்கோணச் சிக்கனம் பேசுபவர்கள் பழைய பாடப் புத்தகத்தை மூடாதவர்கள்.

மெஷ்ஷின் உண்மையான தலைவலி வேறு இரண்டு. ஒன்று, தன்மேலேயே ஏறும் கோடு. எழுத்துரு செய்பவர் ஒரு சுழியை வரையும்போது கோடு தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகலாம். இரண்டு தனித்தனி உருவங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு ஓர் எழுத்தாக்கலாம். தாளில் அச்சிடும்போதும் திரையில் சாதாரணமாகப் படிக்கும்போதும் இதனால் பழுதில்லை. முக்கோணமாக வெட்டும் நிரல் மட்டும் குழம்பி, இரண்டும் மேல்விழும் இடத்தைத் துளை என்று நினைத்துவிடும். கோடோவின் ஆவணமே இதை எச்சரிக்கிறது: கூகுள் எழுத்துருத் தளத்திலிருந்து எடுத்த கோப்பில் இப்படிக் கோளாறு தெரிந்தால், எழுத்துருவை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்துப் பாருங்கள் என்கிறது. சுழிகள் நிறைந்த தமிழுக்கு இந்த அபாயம் கூடுதல். எழுத்துருவைத் தேர்ந்தவுடன் ண, ஞ, ஐ, ஔ நான்கையும் கட்டையாக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, புள்ளி. ‘ம்’மின் தலைக்கு மேல் நிற்கிற வட்டம் எழுத்தோடு ஒட்டாத தனித் தீவு. தடிமன் கொடுத்தால் அதுவும் ஒரு சிறு உருளையாகி அந்தரத்தில் நிற்கும். திரையில் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அதே மெஷ்ஷைக் கடை முகப்புக்கு அக்ரிலிக் எழுத்தாக வெட்டக் கொடுத்தால் புள்ளி தனியாக விழுந்துவிடும். அதைப் பலகையில் தனியாகத்தான் பதிக்க வேண்டும். பின்னால் விளக்குப் போட்ட எழுத்தென்றால் புள்ளிக்கென்று தனியாக ஒரு விளக்கும் ஒயரும். காஞ்சிபுரம் காந்தி ரோடு பட்டுக்கடைகளின் முகப்புகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் தெரியும். இரவில் சில இடங்களில் புள்ளி மட்டும் எரியாது, மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். நிரலில் பார்த்தால் புள்ளியை எழுத்தோடு ஒரே பொருளாகச் சேர்ப்பதா, தனிப் பொருளாக வைப்பதா என்பது முன்கூட்டியே எடுக்க வேண்டிய முடிவு. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுகிற மாதிரி அசைவு தருபவர்கள் இதை மறந்தால், ‘ட’ முதலில் விழும், அதன் புள்ளி பின்னால் தனியே ஆடிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் மெஷ் எழுத்துக்கு ஒரு பெருமை உண்டு. அது ஒளியை வாங்கும், நிழல் போடும். கேமரா பக்கவாட்டில் போனால் அதன் தடிமன் தெரியும். ஐயம்பேட்டை என்ற பெயர் ஊரின் நுழைவாயிலில் நிற்கிற மாதிரி ஒரு காட்சி வேண்டுமென்றால் இதற்கு மாற்று கிடையாது. தொலைவில் போகும்போதுதான் அசடு வழியும். மெல்லிய முக்கோணங்கள் பிக்சலைவிடச் சிறுத்துப்போய் விளிம்பெல்லாம் மினுமினுக்கும்.

இனிப் படத்தின் பக்கம். எழுத்தைப் படமாக்குவதில் மிகப் பழைய அனுபவம் ஐயம்பேட்டைக்கு உண்டு. தறியில் எழுத்து நெய்ய வேண்டுமென்றால் டிசைன்காரர் முதலில் கட்டத்தாளில் வரைகிறார். கட்டத்தின் ஒவ்வொரு நெடுவரிசையும் ஜக்கார்டு பெட்டியின் ஓர் ஊக்கு. ஒவ்வொரு கிடைவரிசையும் ஓர் ஊடை. நிறைந்த கட்டத்துக்கு அட்டையில் துளை. துளை இருந்தால் ஊக்கு பாவைத் தூக்கும், இல்லையென்றால் தூக்காது. 1804இல் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு கொடுத்த ஏற்பாடு இது. கணினியின் மூதாதை அதுதான் என்ற பழைய பாட்டை இங்கே மறுபடி பாடவில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கட்டம் மட்டும்.

அந்தக் கட்டம் சதுரமாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஓர் அங்குலத்தில் எத்தனை பாவு, எத்தனை ஊடை என்பது ஒன்றாக இருப்பதில்லை. அந்த விகிதத்துக்கு ஏற்ற கட்டத்தாளை எடுத்தால்தான் தாளில் வரைந்த வட்டம் சேலையிலும் வட்டமாக வரும். இல்லையென்றால் ‘ஐ’யின் சுழி முட்டையாகிவிடும். டெக்ஸ்ச்சரை நீட்டி ஒட்டும் நிரலாளர்கள் செய்கிற தவறும் இதேதான். கிடையாகவும் செங்குத்தாகவும் ஓடும் ‘ட’, ‘ப’ இரண்டும் கட்டத்துக்கு அடங்கும். சாய்வும் வளைவும் படிக்கட்டாகும். சின்னப் புட்டாவுக்கு வரைந்த எழுத்தை முந்திக்கு அப்படியே பெரிதாக்கினால் படிக்கட்டும் சேர்ந்து பெரிதாகும். ஆகவே தறியில் யாரும் பெரிதாக்குவதில்லை. புதிதாக வரைந்து புதிதாக அட்டை அடிக்கிறார்கள். பழைய புள்ளிப்பட எழுத்துக்கும் இதே விதிதான். பெரிய அளவு வேண்டுமா, பெரிய படம் எடு. ஒன்று மட்டும் தறிக்கு எளிது: கொம்பு முன்னால் வர வேண்டுமா பின்னால் வர வேண்டுமா என்ற குழப்பம் கட்டத்தாளுக்குக் கிடையாது. வரைகிறவருக்குத் தமிழ் தெரியும்.

2007 சிக்ராஃப் மாநாட்டில் வால்வ் நிறுவனத்தின் கிறிஸ் கிரீன் சொன்ன வழி இந்தக் கட்டத்தின் உள்ளே என்ன எழுதுவது என்பதை மாற்றியது. கட்டம் எழுத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்று குறிப்பதற்குப் பதிலாக, அந்தக் கட்டம் எழுத்தின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுது. உள்ளே இருந்தால் ஒரு குறி, வெளியே இருந்தால் எதிர்க்குறி. அவ்வளவுதான். கிராபிக்ஸ் சில்லு பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் எண்களைத் தானாகக் கலந்து இடைமதிப்பைத் தரும். தூரம் சீராகக் கூடிக் குறைகிற எண் என்பதால் அந்தக் கலவையில் பூஜ்யம் விழும் இடம் ஏறக்குறைய உண்மையான விளிம்பிலேயே விழும். 4096க்கு 4096 அளவில் எடுத்த வடிவத்தை 64க்கு 64 கட்டத்தில் அடைத்து, பிறகு திரை நிறையப் பெரிதாக்கினாலும் விளிம்பு கத்திபோல நின்றது. டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டின் சுவர் எழுத்துகளில் அதைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானோர், கவனித்தவர்கள் சிலர்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு: கூர் மூலைகள் மழுங்கும். மூலைக்கு அருகில் தூரம் திடீரென்று திசை மாறுகிறது. கட்டங்களுக்கு இடையிலான கலவை அந்தத் திருப்பத்தை உருட்டிவிடுகிறது. கிரீனே இதைச் சொல்லியிருந்தார். 2015இல் பிராகில் முதுகலை ஆய்வேட்டுக்காக விக்டர் க்ளும்ஸ்கி இதற்கு மருந்து கண்டார். ஒரே தூரத்துக்குப் பதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அலைவரிசைகளில் மூன்று தூரங்கள். மூன்றில் நடு எண்ணை எடுத்தால் மூலை கூராக நிற்கும். இன்று கோடோவில் எழுத்துருவை ஏற்றும்போது ஒரு பெட்டியில் குறியிட்டால் போதும், இது நடந்துவிடும்.

மூலை மழுங்குவது பற்றிய பேச்செல்லாம் ரோமன் எழுத்தை முன்னால் வைத்து வந்தது. தமிழைப் பார்த்தால் கணக்கு வேறு. ண, ஞ, ல, ஐ, கொம்புகள், சுழிகள் எல்லாம் வளைவு. அங்கே மழுங்க மூலையே இல்லை. ஒற்றை அலைவரிசைப் புலமே அழகாகத் தாங்கும். அடி வாங்குவது ட, ப, ம, ய போன்ற செங்கோண எழுத்துகள். ஐயம்பேட்டை என்ற பெயரில் இரண்டு வகையும் கலந்திருக்கிறது: ‘ஐ’ பளிச்சென்று வரும், ‘ட்ட’வின் காலடி மூலைகள் சோப்புக்கட்டிபோல் தேய்ந்திருக்கும். ஒரே சொல்லில் இப்படி இரண்டு குணம் தெரிவது ஒரே குணத்தில் எல்லாம் தெரிவதைவிட அசிங்கம். தமிழுக்கு மூன்று அலைவரிசை தேவையில்லை என்று யாராவது சொன்னால் அவரிடம் இந்த ஊர்ப் பெயரைக் கொடுத்துவிடலாம். தமிழுக்கே உரிய இன்னொரு கவனம் புள்ளிக்கும் தலைக்கும் நடுவிலுள்ள சந்து. கட்டம் சிறியதாகிவிட்டால் அந்தச் சந்து ஒரு கட்டத்துக்குள் அடங்கி, புள்ளி எழுத்தோடு ஒட்டிப் பிசினாகும்.

இடக் கணக்கில் தமிழ் அதிர்ஷ்டக்கார மொழி. பதினெட்டு மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு வடிவம் வைத்தால் 108. உயிர் 12, ஆய்தம் 1. மீதி வரிசைகளுக்குக் கால், மூன்று கொம்புகள், ஔகாரத்தின் வலப்பாதி என்று 5. ஆக 126 வடிவங்களில் 247 எழுத்தும் அடங்கும். 64க்கு 64 கட்டம், கட்டத்துக்கு ஒரு பைட் என்றால் எல்லாம் சேர்ந்து ஐந்து லட்சத்துப் பதினாறாயிரம் பைட். மூன்று அலைவரிசைக்குப் பதினைந்தரை லட்சம். ஒரு நல்ல சேலைப் புகைப்படத்தின் எடைகூட இல்லை. ஓர் எழுத்தைத் திரையில் வைக்க இரண்டே முக்கோணங்கள், ஐயம்பேட்டைக்குப் பதினாறு.

அப்படியானால் கட்டை எழுத்து கல்லின் வாரிசு, புல எழுத்து தறியின் வாரிசு என்று பாகப்பிரிவினை செய்துவிடலாமா? காஞ்சியைப் பற்றி எழுதும் எவருக்கும் அந்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வரும். ஒரு பக்கம் கைலாசநாதர் கோயில், மறுபக்கம் தறிக்குழி. ஆனால் அது தப்பு.

கல்லில் எழுத்து வெளியே புடைத்து நிற்பதில்லை, உள்ளே வெட்டப்படுகிறது. உளி இரண்டு பக்கமிருந்தும் சரிவாக இறங்கினால் பள்ளத்தின் குறுக்குவெட்டு ‘வி’ வடிவம். அந்தப் பள்ளத்தில் ஏதாவது ஓர் இடத்தில் ஆழம் எவ்வளவு? சரிவு எங்கும் ஒரே மாதிரி என்றால், அந்த இடம் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரமோ அதற்கு நேர்விகிதம். சரிவு 45 பாகையானால் ஆழமும் தூரமும் ஒரே எண். ஆறு மில்லிமீட்டர் அகலக் கோட்டின் நடு, விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீட்டர். அங்கே ஆழமும் மூன்று. அதாவது ஒழுங்காக வெட்டிய கல்வெட்டு எழுத்து ஏறக்குறைய ஒரு தொலைவுப் புலம். கிரீன் எண்ணாக எழுதியதைத் தச்சன் ஆழமாக எழுதியிருக்கிறான். கல்லெழுத்தின் உறவு மெஷ் பக்கம் இல்லை, புலத்தின் பக்கம்.

இதை நிரலில் அப்படியே பயன்படுத்தலாம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைச் சாசனங்கள் (919, 921) இருக்கின்றன. அப்படி ஒரு சுவரைத் திரையில் காட்ட வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்தையும் மெஷ்ஷாகச் செய்து சுவரிலிருந்து கழிப்பது முட்டாள் வேலை. முக்கோணங்கள் பெருகி, சுவர் சல்லடையாகும். எழுத்துகளின் தொலைவுப் புலத்தைச் சுவரின் மேல் விரித்து, தூரத்தை ஆழமாகப் படிக்கச் சொன்னால் போதும். தூரம் எந்தத் திசையில் கூடுகிறது என்பதிலிருந்து சரிவின் திசை கிடைக்கும். திசை கிடைத்தால் ஒளி எப்படி விழும் என்று கிராபிக்ஸ் சில்லில் ஓடும் ஷேடர் நிரல் சொல்லிவிடும். தட்டையான சுவர், ஆனால் விளக்கைச் சாய்த்தால் எழுத்து பள்ளமாகத் தெரியும். கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். உச்சி வெயிலில் படிக்க முடியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து வரும். 2001இல் எச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் கொண்டுவந்த, விளக்கை இடம் மாற்றி மாற்றிப் படமெடுத்து ஒளியைப் பின்னால் திருப்பிப் பார்க்கும் முறையும் இதையே நம்பி நிற்கிறது.

தறிக்கும் இதேபோல் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். சரிகையில் நெய்த எழுத்து வெறும் படமும் அல்ல. சரிகை துணியின் மேல் மயிரிழை புடைத்து நிற்கிறது. அதைவிட முக்கியம், அது ஒரு திசையில் ஓடும் உலோக இழை. சேலையைத் திருப்பினால் பளபளப்பு இழைக்குக் குறுக்காக நகரும். இதைத் திரையில் கொண்டுவர எழுத்தின் விளிம்பு போதாது, இழையின் திசையையும் ஷேடருக்குக் கொடுக்க வேண்டும். விளிம்பு கத்திபோல இருக்கவும் கூடாது. நெய்த எழுத்தில் படிக்கட்டு இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத முந்தி எழுத்து அச்சடித்த மாதிரி தெரியும், ஐயம்பேட்டையில் எவரும் அதைப் பட்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொலைவுப் புலத்தின் பெரிய சாதனை இங்கே பாதகமாகிவிடுகிறது. கட்டத்தாளின் ‘உண்டு, இல்லை’ படத்தையே, கலக்காமல், இழை இழையாகக் காட்டுவதுதான் சரி.

ஐயம்பேட்டை நெசவாளர்களுக்காக உலாவியில் ஒரு முப்பரிமாணக் காட்சிக்கூடம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வாசலில் ஊர்ப் பெயர் மெஷ்ஷாகத்தான் நிற்க வேண்டும். பார்ப்பவர் அதைச் சுற்றி நடப்பார், பக்கவாட்டில் பார்ப்பார். புல எழுத்து பக்கவாட்டில் காகிதத்தின் ஓரமாகி மறைந்துபோகும். உள்ளே ஒவ்வொரு சேலைக்கும் பக்கத்தில் மிதக்கும் பெயர், விலை, நெய்தவர் விவரம் எல்லாம் புலம். நூற்றுக்கணக்கில் இருக்கும், எப்போதும் பார்ப்பவர் முகம் பார்த்துத் திரும்பும், எட்டப் போனாலும் மினுங்கக் கூடாது. எழுத்துக்கு ஓரக்கோடும் பின்நிழலும் வேண்டுமென்றாலும் புலத்தில் கூடுதல் செலவு அநேகமாக இல்லை. தூரத்தின் வேறொரு எல்லையில் இன்னொரு நிறம் பூசினால் ஆயிற்று. ஒளி ஊடுருவும் பல செவ்வகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது எது முன், எது பின் என்று வரிசைப்படுத்துவது மட்டும் தொல்லை. லேபிள்3டியைக் கையாள்பவர்கள் அதிகம் முட்டிக்கொள்வது அங்கேதான்.

இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடமும் உண்டு. ஷேடர்டாய் தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான இனிகோ கீலெஸ், இருபரிமாணப் புலம் எதையும் தடிமனுள்ள பொருளாக்கும் சிறு சூத்திரத்தைப் பரப்பியிருக்கிறார். எழுத்தின் விளிம்புக்கு உள்ள தூரத்தையும் முன்பின் தடிமனுக்கு உள்ள தூரத்தையும் சேர்த்து ஒரே தூரமாக்கினால், முக்கோணமே இல்லாமல் கட்டை எழுத்து கிடைக்கும். ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் கண்பார்வைக் கோட்டில் அடி அடியாக நடந்து பொருளை மோதும் இடத்தைத் தேட வேண்டும் என்பதுதான் அதன் விலை. மெஷ்ஷின் நான்காயிரம் முக்கோணங்களைவிட அது மலிவா என்றால் பெரும்பாலும் இல்லை. அழகுக்காகச் செய்யலாம்.

கைலாசநாதர் கோயிலுக்கு வந்தால் மெஷ்ஷும் எழுத்துருவும் சேர்ந்தே கைவிட்டுவிடுகின்றன. ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மனின் விருதுப் பெயர்கள் அங்கே சுற்றுச் சிற்றாலயங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து வகைகளில், அலங்காரமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஹூல்ட்ஷ் 1890இல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் அவற்றைப் பதிப்பித்தார். அந்த வகைகளில் ஒன்றான கிரந்தத்துக்கு 2014இல் யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது, எழுத்துருவும் உண்டு. ஆனால் அந்த எழுத்துருவால் எழுதினால் வருவது இன்றைய ஒழுங்கு. பல்லவத் தச்சனின் கொடிச்சுழி வராது. இரண்டு இடத்தில் வரும் ஒரே எழுத்து அங்கே ஒரே வடிவமும் இல்லை. அங்கே மிச்சமிருக்கும் வழி மைப்படி. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றினால் பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் பதியும். நூற்றாண்டுக்கு மேலாகக் கல்வெட்டுத் துறையில் நடக்கிற வேலை அது. அந்தக் கறுப்பு வெள்ளையிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டால் புலம்; புலத்தை ஆழமாகப் படித்தால் ஏறக்குறைய பழைய பள்ளம்.

ஏறக்குறைய என்பதற்குக் காரணம் உண்டு. மைப்படியில் உளி வெட்டிய கோடும் கல் பொரிந்த குழியும் ஒரே வெள்ளைதான். நிரலுக்கு இரண்டும் விளிம்புள்ள உருவங்கள். பொரிந்த குழி அகலமாக இருந்தால் எழுத்தைவிட ஆழமாகவே காட்டிவிடும். எது எழுத்து, எது பொரிவு என்று கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவர் படத்தின் மேல் உட்கார்ந்து குறித்துக் கொடுத்த பிறகுதான் தூரக் கணக்கைத் தொடங்க முடியும்.